நானூறு பல்பும் ஒரு டைனமோவும்

1932 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வெள்ளூரணி அரண்மனை வாசலில் நானூறு பல்புகள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. பொறுப்பேற்று வாங்கிக்கொண்டவர் குற்றாலிங்கம் பிள்ளை.

நானூறு என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. பக்கத்து ஜமீனில் முந்நூறு இருந்தது. எங்கள் சமஸ்தானத்தில் எதையும் இப்படித்தான் வாங்குவோம். எங்களிடம் ஒரு பீரங்கி இருந்தது. அதில் புறா குடியிருந்தது. ஒரு டைனமோவும் இருந்தது. அது எத்தனை பல்பைத் தாங்கும் என்று வாங்குவதற்கு முன் யாரும் கேட்கவில்லை.

பிள்ளை ராஜாவின் விகடகவி. ஒருமுறை மின்சாரத்தைப் பற்றி ஏதோ வேடிக்கையாகப் பேசிவைத்தார். உடனே மின்சார இலாகாவை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அதைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்தார். "இந்த ஊரில் மின்சாரம் தெரிந்தவன் நான்தான். அதிலிருந்தே ஊரின் நிலையைப் புரிந்துகொள்ளலாம்" என்பார்.

சனிக்கிழமை கலெக்டர் துரை விருந்துக்கு வருகிறார். சமஸ்தானம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து மேலிடத்துக்கு எழுதப்போகிறவர் அவர். நானூறு பல்பும் எரியவேண்டும் என்று ராஜா சொன்னார்.

எங்கள் தர்பாரில் ராஜாவிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. முடியாத காரியத்துக்கு "யோசனை இருக்கிறது, மகாராஜா" என்று சொல்வார்கள். பிள்ளையும் அப்படியே சொன்னார். ராஜாவுக்கு அது புரிந்தது, பிடிக்கவில்லை. காரணம் கேட்டார்.

பிள்ளை விளக்கினார். டைனமோ தருவது நூற்றுப்பத்து வோல்ட். தாங்குவது நூறு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சக்தி, பதினோராயிரம் வாட். ஒரு பல்பு அரை ஆம்பியர் இழுக்கும். அதாவது ஐம்பத்தைந்து வாட். ஆகவே இருநூறு பல்புதான் எரியும். அதற்கு மேல் மாட்டினால் டைனமோ கருகும். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஒரு பல்பின் தடை கிடைக்கும், அது இருநூற்றிருபது ஓம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"எனக்குப் பெருக்கல் போதும். வகுத்தலைத் தாயாதிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார் ராஜா.

அரண்மனை வரவுசெலவு பார்க்கும் பேஷ்கார் வரதராஜுலு அருகில் நின்றார். மின்சார இலாகாவின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். மனம் இருந்தால் நானூறும் எரியும், பிள்ளைக்கு மனம்தான் இல்லை என்று மெதுவாகச் சொல்லிவைத்தார்.

ராஜா தீர்ப்புச் சொன்னார். "நானூறும் எரியவேண்டும். ஒன்றுகூட அணைந்திருக்கக் கூடாது. டைனமோவும் கெடக்கூடாது. தவறினால் இலாகா பேஷ்காருக்கு. நீர் குடியிருக்கும் வீட்டையும் காலி செய்துவிடும்."

பிள்ளை வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். வீடு ஒழுகும் வீடுதான். ஆனால் வேறு வீடு இல்லை. ராஜா வேண்டாமென்று தள்ளிய வகுத்தலில்தான் வழி கிடைத்தது. பல்புகளை இரண்டிரண்டாக ஒரே கம்பியில் கோர்த்தால் மின்சாரம் ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். தடை இரண்டு மடங்கு, நானூற்று நாற்பது ஓம். ஜோடிக்குக் கால் ஆம்பியர் போதும். இருநூறு ஜோடிக்கு ஐம்பது ஆம்பியர். டைனமோ பாதி வேலைதான் செய்யும்.

சனிக்கிழமை அந்தியில், ஐம்பது ஆம்பியர்தான் ஓடும் என்று பிள்ளை சொன்ன பிறகு, விசையைத் தட்டினார்கள். நானூறும் எரிந்தன. எரிந்தன என்று சத்தியம் செய்யலாம், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் சாம்பல் பூத்த கங்கு மாதிரிச் சிவப்பாகக் கண் சிமிட்டியது.

பேஷ்கார் டைனமோ அறைக்குப் போய் ஆம்பியர் மானியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். பிள்ளை சொன்னது ஐம்பது, மானி காட்டுவது அறுபத்தெட்டு, இவருக்குக் கணக்கே தெரியாது என்றார்.

பிள்ளை ஒப்புக்கொண்டார். "வாஸ்தவம். பல்பின் இழை சூடு குறைந்தால் தடையும் குறையும். அது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. நான் அதற்கு முன்பே தூங்கிவிட்டேன். நூறுக்குள் நின்றது டைனமோ செய்த தர்மம்."

ராஜா சிரிக்கவில்லை. "ஓய் பிள்ளை, நான் கேட்டது இதுவா?"

"எரியவேண்டும் என்றீர்கள், எரிகிறது. அணைந்திருக்கக் கூடாது என்றீர்கள், ஒன்றும் அணையவில்லை. டைனமோவும் ஓடுகிறது. வெளிச்சத்தைப் பற்றி உத்தரவு ஆகவில்லை, மகாராஜா."

ராஜாவின் முகம் கறுத்தது. நாளைக் காலை வீட்டுச் சாவியைப் பேஷ்காரிடம் கொடுத்துவிடும்படி சொல்லிக்கொண்டிருந்தபோதே துரையின் மோட்டார் உள்ளே நுழைந்தது.

துரை மண்டபத்தைச் சுற்றி நடந்தார். தூண்களைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். விதானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு ராஜாவின் கையைக் குலுக்கி, இவ்வளவு நன்றாகப் பராமரிக்கும் அரண்மனையை இந்த ஜில்லாவில் தான் பார்த்ததில்லை என்றார். அப்படியே எழுதப்போவதாகவும் சொன்னார்.

ராஜா பிள்ளையின் பக்கம் சாய்ந்தார். "என்ன ஓய் பார்த்தார் அந்த மனுஷன்?"

"ஒன்றையும் பார்க்கவில்லை, மகாராஜா. அதனால்தான் பாராட்டுகிறார். நான் இப்போதுதான் அந்த நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பத்து வயது குறைந்திருக்கிறது, பல் முழுசாக இருக்கிறது, கொஞ்சம் அழகாகக்கூட இருக்கிறேன். பாதி வெளிச்சத்துக்கே என் மூஞ்சி இப்படி என்றால், சுவருக்குக் கேட்கவா வேண்டும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் துரை திரும்பிப் பார்த்தார். பிள்ளைக்கு ஒரு சால்வை கிடைத்தது. வீடும் இலாகாவும் அவரிடமே இருந்தன.

1934 ஜூலை 16 அன்று இரண்டாவது டைனமோ வந்தது; நானூறு பல்புகளும் தனித்தனியாக மாட்டப்பட்டு முழு வெளிச்சத்தில் எரிந்தன. 17ஆம் தேதி காலை அரண்மனைச் சுவர்களுக்குக் காரை பூசக் கொத்தனார்கள் வந்தார்கள்.