தரையில் விழுந்த சிவப்பு இலை

கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படியுங்கள். விடை அங்கேதான் கிடக்கிறது.

கனடாவின் ரொறன்ரோவில் ஒரு தமிழர் மன்றம் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தது. வெல்லும் கோலமே மன்றத்தின் சின்னமாகும் என்று அறிவித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: நடுவர் பார்க்க வரும்போது கோலம் குலைந்திருந்தால் பரிசில்லை.

தவமலர் மேப்பிள் இலையைப் போட்டாள். இலையுதிர் காலத்தில், பேருந்துத் தரிப்பிடத்தின் ஈரத் தரையில் ஒட்டிக்கிடந்த ஒரு சிவப்பு இலை அவள் மனதைவிட்டுப் போகவேயில்லை. இந்த நாட்டின் கொடியில் இருப்பது இலை. அவள் பிறந்த வீட்டு வாசலில் இருந்தது கோலம். இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து வரைந்து வரைந்து பார்த்தாள்.

மண்டபத்துக்குள், வாசலுக்கு நேரே அரிசிமாவால் விளிம்பு கட்டி, உள்ளே சிவப்புப் பொடி நிரப்பினாள். வெளியே பனி கொட்டியது. வந்தவர்கள் வழக்கம்போலச் சப்பாத்துகளை வாசல் தட்டில் கழற்றி வைத்துவிட்டுக் கோலத்தைச் சுற்றிப் போனார்கள். ஓடிவந்த பிள்ளைகள்கூட அதைக் கண்டதும் ஒரே தாவலில் தாண்டினார்கள்.

குத்துவிளக்குக்குத் திரி எடுத்து வர அவள் உள்ளறைக்குப் போனாள். திரும்பியபோது இலை இல்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு சேறுதான் இருந்தது. அங்கிருந்து மேடைவரை சிவப்புத் தடங்கள் போயிருந்தன.

மேடையடியில் மன்றத் தலைவர் கிருபைராசா நின்றார்.

"நான்தான் அழிச்சனான், பிள்ளை. நாட்டின்ர சின்னத்தைத் தரையில போட்டுச் சனத்தை மிதிக்க விடுறதோ? நகரசபை ஆக்கள் வரேக்க கண்டா என்ன நினைப்பினம்?"

"மரமே தன்ர இலையைத் தரையிலதான் போடுது, தலைவர். அதையும் போய்க் கண்டிச்சுப்போட்டு வாங்கோவன்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். தவமலர் சிரிக்கவில்லை. அவள் நகக்கண்ணில் இன்னும் சிவப்புப் பொடி இருந்தது.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நானே துணியால ஒற்றி எடுத்திருப்பன்."

"அதுக்கெங்க நேரம்? வந்த வேகத்தில..." என்றபடி தலைவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நடுவர் பாக்கியம் ரீச்சர் வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். "கோலம் குலைஞ்சுபோச்சே. நிபந்தனை நிபந்தனைதானே?" என்றார் தயக்கத்தோடு.

"நல்லாச் சொன்னியள். இலையை மதிக்கத் தெரியாத ஆளுக்குப் பரிசு ஒரு கேடோ?" என்றார் தலைவர்.

சொல்லுங்கள் பார்க்கலாம்: இலையை மதிக்காதவர் யார்? தவமலருக்குப் பரிசு உண்டா, இல்லையா?

விடை: வந்தவர்கள் சுற்றிப் போனார்கள்; பிள்ளைகள் தாண்டினார்கள். அந்த இலைமேல் பட்ட ஒரே கால், அது மிதிபடக் கூடாது என்று சொன்னவருடையது. அதுவும் கழற்றாத பனிச் சப்பாத்தோடு. மேடைவரை போன தடமே சாட்சி. கோலத்தைக் காக்கத் தவறியவருக்குத்தான் அந்த நிபந்தனை. குலைத்தவரே அதைக் காட்டிப் பரிசை மறுக்க முடியாது. பாக்கியம் ரீச்சரும் தடத்தைப் பார்த்த பிறகு பரிசு தவமலருக்கே என்று தீர்ப்புச் சொன்னார். தவமலரின் கோபம் அதனால் ஆறிவிடவில்லை. தரை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து தலைவர் கையில் கொடுத்தாள்.

"இந்தமுறை குனிஞ்சு கையால துடையுங்கோ," என்றாள்.