ஊர்நினைவைத் தின்ற நெய்ச்சோறு

வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவர்கள் பின்னால் போய்ச் சாய்ந்துகொள்ளுங்கள். எப்படியும் பாதிக் கதையில் குறட்டை விடுவீர்கள். அரை வயிறோடு வந்தவர்கள் முன்னால் வாருங்கள். இது இனிப்பான கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

ஓலையும் எழுத்தாணியும் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். பெருமடையூர் என்று ஓர் ஊர். பெரிய ஏரி, ஏரிக்குப் பெரிய மடை, மடைக்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை வயல். எந்த வயல் யாருடையது, எந்த வாய்க்காலில் யாருக்கு முதல் தண்ணீர், எந்தப் புளியமரத்தை யார் பாட்டன் நட்டான் என்பதையெல்லாம் அந்த ஊரில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு மனிதரின் தலைக்குள் வைத்திருந்தார்கள். அவருக்கு ஊர்நினைவு என்று பெயர்.

வழக்கு வந்தால் ஊர்ச்சபை ஏரிக்கரையில் கூடும். ஊர்நினைவை மூன்று முறை கேட்பார்கள். மூன்றாம் முறை அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அதைப் பிறகு சபையாலும் மாற்ற முடியாது, அரசனாலும் மாற்ற முடியாது, சொன்ன அவராலும் மாற்ற முடியாது.

நினைவு வைத்துக்கொள்ளத்தான் ஒருவர் இருக்கிறாரே என்று மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியாக மறந்துவிட்டார்கள். ஊர் என்றால் அப்படித்தானே?

ஊர்நினைவாக இருப்பவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. அரை வயிறு கஞ்சி, கால் வயிறு தண்ணீர், மீதிக் கால் வயிறு காலி. அந்தக் காலி இடத்தில்தான் ஊர் குடியிருக்கிறது என்று சொல்வார்கள். அப்படி வாழ்ந்தவர்கள் பல் விழுந்து, முதுகு வளைந்து, கண் பஞ்சடைந்த பிறகும் ஒரு வரப்பைக்கூட மறக்காமல் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் கதை நடந்தபோது ஊர்நினைவாக இருந்தவர் கொற்றனார். மனைவி மக்கள் இல்லாதவர். பொய் சொல்லத் தெரியாதவர். தினமும் உச்சிப்பொழுதில் எயினி என்ற பெண்ணின் வீட்டுக்குப் போவார், ஒரு கலயம் கஞ்சி குடிப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

எயினி கணவனை இழந்தவள். ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தது. அவள் கணவன் உடைப்பில் இறங்கித் தண்ணீரைத் தன் உடம்பால் மறித்து நின்றான். ஊரார் மேலே மண்ணைக் கொட்டினார்கள். உடைப்பு அடைபட்டது, ஊர் பிழைத்தது, அவன் மட்டும் அந்த மண்ணுக்குள்ளேயே போய்விட்டான். ஊர்ச்சபை அன்றைக்கே மடையை ஒட்டிய நிலத்தை எயினிக்குக் கொடுத்தது. மடைக்காணி என்று அதற்குப் பெயர். ஏரி திறந்தால் முதல் தண்ணீர் அதற்குத்தான். அந்த நிலத்து நெல்லில் ஊர்நினைவுக்குத் தினமும் ஒரு கலயம் கஞ்சி ஊற்ற வேண்டும் என்பது மட்டுமே அவளுக்குச் சபை வைத்த கடமை.

மடைக்காணிக்கு அடுத்த நிலம் சேந்தனுடையது. ஊரிலேயே பெரிய பண்ணை அவன். இத்தனை இருந்தும் அவன் கண் அந்தச் சின்ன நிலத்தின் மேல்தான். அது கைக்கு வந்தால் முதல் தண்ணீர் கைக்கு வரும். முதல் தண்ணீர் வந்தால் ஊரே அவன் வாசலில் நிற்கும்.

நடுவில் கொற்றனார் இருந்தார்.

முதலில் சேந்தன் அவருக்குப் பட்டு கொண்டுபோனான். கொற்றனார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதைப் போத்திக்கிட்டா எனக்கு வேர்க்கும்ப்பா, எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அடுத்ததாக நான்கு தடியர்களை அனுப்பினான். கொற்றனார் சிரித்தார். "அடிங்கடா. ஊர்நினைவையே அடிச்சுட்டாங்கன்னா ஏன்னு ஊரு கேக்கும். கேட்டா யாரு வீட்டு வாசல்ல வந்து நிக்கும்னு உங்க எசமானுக்குத் தெரியும்" என்றார். தடியர்கள் வந்த வழியே போனார்கள்.

மூன்றாவதாகச் சேந்தனுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அவன் அப்பா ஊரறிந்த சாப்பாட்டுப் பிரியர். விடிந்ததும் ஒரு பந்தி, வெயில் ஏறினதும் ஒரு பந்தி, பொழுது சாய்ந்ததும் ஒரு பந்தி. கடைசிக் காலத்தில் மகனை எருமையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எருமையைப் பார்த்து, "சேந்தா, சாப்பிட்டியா?" என்று பாசமாக விசாரித்தார். ஊர் சிரித்தது. மகன் சிரிக்கவில்லை, யோசித்தான். அன்றிலிருந்து சேந்தன் எத்தனை பெரிய விருந்து வைத்தாலும் தான் மட்டும் ஒரு கலயம் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வான்.

புரிந்ததா? கொற்றனார் வழக்கம் என்று செய்ததைச் சேந்தன் காரணம் தெரிந்து செய்தான்.

திருநாள் ஒன்று வந்தது. சேந்தன் நேரில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஐயா, ஒரே ஒரு வேளை நம்ம வீட்டுல கை நனைக்கணும்."

"எனக்குக் கஞ்சிதாம்ப்பா வழக்கம்."

"பட்டைத் தள்ளுனீங்க, சரி. சோத்தைத் தள்ளலாமுங்களா? எங்க வீட்டு அன்னம் என்னங்கய்யா பாவம் பண்ணுச்சு?"

இதற்கு மேல் நம் நாட்டில் யாரால் என்ன சொல்ல முடியும்? கத்தியை நீட்டினால் எதிர்த்து நிற்பவர்கள்கூட, இலையைப் போட்டுவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். கொற்றனாரும் உட்கார்ந்தார்.

நெய்ச்சோறு வந்தது. பலாச்சுளை தேனில் மிதந்து வந்தது. அதிரசம் அடுக்கி வந்தது. "போதும்மா" என்று இலையைக் கையால் மறித்தார் கொற்றனார். சேந்தனின் மனைவி விரல் இடுக்கு வழியாக ஊற்றினாள். எழுந்திருக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் மனசு குளிர்ந்திருந்தது. இத்தனை வயதுக்கு மேல் "இன்னும் கொஞ்சம்" என்று தன்னைக் கெஞ்சுவதற்கு ஒரு வீடு கிடைத்ததே என்று அவருக்குக் கண் கலங்கியது. பாவம், அதுதான் உண்மை.

திருநாள் விருந்து, மாதத்துக்கு ஒரு விருந்தானது. பிறகு வாரத்துக்கு ஒரு விருந்தானது. பிறகு அன்றாடச் சாப்பாடே அங்கேதான் என்றானது.

இது லஞ்சமில்லையா என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. அதற்குத் தானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தார். பொன் கையில் நிற்கும், பட்டு பெட்டியில் நிற்கும், சோறு செரித்துப் போகும். செரித்துப் போவது எப்படி லஞ்சமாகும்? நிறைந்த வயிறு கண்டுபிடிக்கிற நியாயங்களே அலாதி.

எயினி கஞ்சியைக் காய்ச்சி வைத்துக் காத்திருந்தாள். அது ஆறி, ஆடை கட்டி, மாட்டுத் தொட்டிக்குப் போனது. ஒருநாள் தெருவிலேயே அவரை மறித்துவிட்டாள்.

"ஐயா, இது சரியில்லீங்க. உங்களுக்கு அரை வயிறுதான் கணக்கு. நீங்க நினைவு வச்சிருக்கறதாலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்."

கொற்றனார் ஏப்பம் விட்டார். "உன் கை சின்னதும்மா, எயினி. பெரிய கையைப் பார்த்தா உனக்குப் பொறுக்கலை."

அவள் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதை விடவில்லை.

முதலில் கொற்றனாருக்கு மரங்கள் மறந்தன. எந்தப் புளி யாருடையது என்று கேட்டால் தலையைச் சொறிந்தார். அடுத்து மனிதர்கள் மறந்தார்கள். தனக்கு முன்னால் ஊர்நினைவாக இருந்தவர் பெயரே அவருக்கு வரவில்லை. அதற்கடுத்து வழி மறந்தது. தன் வீட்டைத் தாண்டிப் போய், குளக்கரையில் நின்று, வழிப்போக்கரிடம் பெருமடையூருக்குப் பாதை கேட்டார்.

"வயசாயிடுச்சு" என்றது ஊர். அவருக்கு முன்னால் இருந்தவர் இதைவிட மூத்த வயதில் ஏரியின் ஒவ்வொரு மதகையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. சேந்தன் மட்டும் உச்சுக்கொட்டினான். "பாவம், தளர்ந்துட்டார். நல்லாக் கவனிக்கணும்" என்று சொல்லி இன்னொரு கரண்டி நெய் ஊற்றச் சொன்னான்.

பழுத்ததும் பறிப்பவன்தானே கெட்டிக்காரன். சேந்தன் ஊர்ச்சபையைக் கூட்டினான். "மடைக்காணி எங்க அப்பா காலத்து நிலம். பயிர் வைக்கத்தான் இந்த அம்மாவுக்குக் கொடுத்தோம். இப்ப திருப்பிக் கொடுக்கணும்" என்றான்.

எயினி பயப்படவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. "ஐயாவைக் கேளுங்க" என்றாள். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அது ஊருக்கே தெரியும்.

இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொற்றனாரைக் கரை மேல் ஏற்றினார்கள்.

"மடைக்காணி யாருடையது?" என்று முதல் முறை கேட்டார்கள்.

கொற்றனார் நிலத்தைப் பார்த்தார், மடையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். எல்லாம் அழகாக இருந்தன. எதற்கும் பெயர் இல்லை.

"மடைக்காணி யாருடையது?" என்று இரண்டாம் முறை கேட்டார்கள்.

கண்ணை மூடினார். முன்பெல்லாம் கண்ணை மூடினால் ஊர் எழுந்து வந்து முன்னால் நிற்கும். இன்றைக்கு நெய் வாசனைதான் வந்தது.

"மடைக்காணி யாருடையது?"

மூன்றாம் முறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொற்றனார் தன் நெஞ்சுக்குள் துழாவினார். ஒரே ஒரு பெயர் கைக்குத் தட்டுப்பட்டது. அதைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

"சேந்தன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவருக்கு நினைவிருந்தது அது ஒன்றுதான்.

எயினி ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தாள். "ஐயா! அந்த மண்ணுல விளைஞ்ச கஞ்சியைத்தானே இத்தனை வருசம் குடிச்சீங்க! என் புருசன் அந்தக் கரைக்குள்ளதானே கிடக்குறாரு!"

கொற்றனார் குனிந்து இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "யாரும்மா நீ? ஏன் அழுவுற?" என்றார்.

சபை கலைந்தது. எயினியின் நிலம் போனது. அதே நிலத்தில் அவள் கூலிக்கு நாற்று நட்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கொற்றனார் சேந்தன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். "இன்னிக்கு விருந்து இல்லை" என்றான் வேலைக்காரன். அடுத்த நாளும் போனார், கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

விழுந்து கிடந்தவரை வயலிலிருந்து திரும்பிய எயினிதான் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டே வீட்டுக்கு இழுத்து வந்தாள், திட்டிக்கொண்டே கலயத்தை நிமிர்த்தினாள், திட்டிக்கொண்டே ஊற்றினாள். கூலிக் கஞ்சி ஒரு கலயம்தான். பாதி அவளுக்கு, பாதி அவருக்கு.

"இன்னும் கொஞ்சம்" என்றார் அவர்.

"இல்லை" என்றாள். உண்மையிலேயே இல்லை.

அப்படியே நாள் போனது, மாதம் போனது, ஓர் அறுவடையும் போனது. அவர் வயிறு வற்றியது. கால் வீக்கம் வடிந்தது. உண்ட பிறகும் கொஞ்சம் பசி மிச்சமிருந்தது. அந்தப் பசி இருந்த இடத்துக்கு ஊர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தது. எல்லாரும் வரவில்லை; சிலர் வந்தார்கள். ஒருநாள் காலையில் கஞ்சிக் கலயத்தைக் கையில் வைத்தபடியே அவர் அப்படியே உறைந்துவிட்டார்.

"எயினி" என்றார். அவள் பெயரைச் சொல்லி எத்தனை காலம்! "உன் புருசன் உடைப்புல நின்னப்ப மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு. நீ கரை மேல மண்கூடையோட நின்ன. மடைக்காணி உன்னுது, தாயி. உன்னுது. நான் என்ன சொல்லிட்டேன்!"

கலயத்தைப் போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினார். சபை கூடியிருந்தது. மார்பில் அடித்துக்கொண்டு சொன்னார். ஒருமுறை சொன்னார், மறுமுறை சொன்னார், மூன்றாம் முறையும் சொன்னார்.

சபை மரியாதையாகத்தான் கேட்டது. "ஐயா, மூணு தடவை கேட்டுச் சொன்னது மாறாது. அது நீங்க காத்த வழக்கம்தானே? அதோட, இப்ப நீங்க ஊர்நினைவும் இல்லை. உங்களுக்கு அப்புறம் இந்தப் பையன் கீரனை ஊர்நினைவா வச்சுட்டோம்."

கொற்றனார் கீரனைப் பார்த்தார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. அப்போது சேந்தன் வீட்டு வேலைக்காரன் கரையேறி வந்து கீரனைக் கும்பிட்டான்.

"ஐயா, இலை போட்டாச்சு. வரலாங்களா?"

"போகாதே!" என்று கத்தினார் கொற்றனார். "தம்பி, போகாதே!"

கீரன் சிரித்தான். "சோத்தைத் தள்ளலாமுங்களா, பெரியவரே?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சேந்தன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்கள். பாம்பு கடித்ததா, இடி விழுந்ததா என்றுதானே? ஒன்றுமில்லை. அவன் ஒரு கலயம் கஞ்சியோடு நிறுத்தி, நெடுங்காலம் வாழ்ந்து, ஒன்றையும் மறக்காமல் செத்தான். வயிற்றுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும்.

கொற்றனாரும் நெடுங்காலம் வாழ்ந்தார். எயினியின் அரைக்கலயக் கஞ்சி அவரைச் சாகவிடவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் சேற்றுக் காலோடு அந்த நிலத்திலிருந்து கூலி வாங்கி வருவதைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் தான் சொன்ன அந்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. மறந்துவிட மாட்டோமா என்று ஏங்கினார். இந்த முறை மறக்கவில்லை.

ஆகையால் பெரியவர்களே, பிள்ளைகளே, அளவு மறந்து உண்பவன் முதலில் தன் நினைவைத் தின்கிறான், பிறகு தன்னை நம்பியவரின் சோற்றைத் தின்கிறான்.