நேற்றைய ரொட்டிக்கு வந்த மரியாதை

வான்கோழி வாய் திறந்து பேசியது, வயலில் நின்ற மக்காச்சோளம் எழுந்து நடந்தது, அந்தக் காலத்தில். மெக்சிகோவில் ஒரு மலையடிவாரத்தில் சித்லாலி என்றொருத்தி இருந்தாள். புருஷன், வீடு, வயல் எல்லாம் இருந்தது, தூக்கம்தான் இல்லை.

காரணம், மக்காச்சோளத்தின் தெய்வமான சோளத்தாய் போட்ட சட்டம். "அன்றன்று அரைத்த மாவில்தான் ரொட்டி சுட வேண்டும். பழைய ரொட்டியை மனிதர் தட்டில் வைத்தால் இந்த மண்ணை விட்டே போய்விடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொல்வது சுலபம், அரைப்பது யார்? அந்தியில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட வேண்டும். விடியுமுன் எழுந்து, தோல் போகக் கழுவி, அம்மியின் முன் முட்டிபோட்டு அரைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஒருநாள் தப்பவில்லை. மீந்த ரொட்டியெல்லாம் வான்கோழிக்கு.

ஒருநாள் அந்தியில், அசதியில் சித்லாலி சுண்ணாம்பு போட மறந்துவிட்டாள். காலையில் பார்த்தால் சோளம் தோலோடு அப்படியே கிடந்தது. அரைத்தும் பார்த்தாள். மாவு திரளவில்லை, உருட்ட உருட்ட உதிர்ந்தது. விதைக்கப் போக வேண்டிய புருஷனோ பசியோடு உட்கார்ந்திருந்தான்.

அவள் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. நேற்று மீந்து விறைத்துப்போயிருந்த ரொட்டிகளை எடுத்துப் பிய்த்தாள். பன்றிக் கொழுப்பில் மொறுமொறுவென்று பொரித்து, சுட்ட தக்காளியும் மிளகாயும் அரைத்த சாற்றை ஊற்றி ஒரு கொதி விட்டாள்.

"அக்கா, அது என் பங்கு!" என்று கத்தியது வான்கோழி. "சோளத்தாய்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லிக்கோ போ."

வான்கோழி ஓடியது. புருஷன் தட்டைத் தொடவே இல்லை. "அவ போயிட்டா ஊரே பட்டினி கிடக்கும்டி" என்று நடுங்கினான்.

கொஞ்ச நேரத்தில் சோளத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"இது பழசா, புதுசா?"

"பழசுதான் தாயே" என்றாள் சித்லாலி. எழுந்து நிற்கவும் இல்லை. "முட்டி மடங்கல, கை விரியல. போறதுன்னா போங்க. கும்பிட்டு வேணா அனுப்பறேன். ஆனா நாளைக்கு என்னால அரைக்க முடியாது."

சோளத்தாய் அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"அந்தக் கல்லுல நான் மட்டும்தான் அரைபடறேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு தட்டை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டாள், அப்புறம் இன்னொரு வாய். "நல்லாத்தான் இருக்கு. நீ போய்ப் படு."

சித்லாலி உச்சிவெயில்வரை தூங்கினாள். வான்கோழிக்கு அன்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் அந்த நாட்டில் மீந்த ரொட்டியைப் பிய்த்துப் பொரித்து, காரச் சாற்றில் புரட்டி, சிலாக்கிலேஸ் என்று பேர் வைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். அம்மிச் சத்தம் வராத வீட்டைப் பார்த்து அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உள்ளே ஒருத்தி தூங்குகிறாள்.