இருபத்தேழு சிரிப்புகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணிக்கு இட்லி இறங்கவில்லை. காரணம் ஒரு பறவை. அதைப் பார்த்தது அவர் அல்ல, ஒரு தண்ணீர் லாரி டிரைவர்.

கோதண்டபாணி ஓய்வுபெற்ற சர்வேயர். பதினோரு வருடமாகப் பறவை பார்க்கிறார். கற்றுக்கொடுத்தவர் நசீமா டீச்சர். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் கோதண்டபாணி எல்லோரிடமும் "என் குரு" என்றுதான் சொல்வார்.

டீச்சர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர். ஞாயிறு பத்து மணிக்குள் அவரவர் பார்த்த பறவைகளை எழுதவேண்டும். டீச்சர் ஏற்றுக்கொண்டால் கீழே ஒரு பச்சை டிக் விழும். கோதண்டபாணி இருநூற்றுப் பதினான்கு டிக் வாங்கியிருந்தார். கருங்குருகுக்கு மட்டும் வாங்கவில்லை. கோரைக்குள் ஒளிந்து திரியும் அந்தக் கறுப்புப் பறவைக்காக அவர் கால் கடுக்க நிற்காத ஏரி இந்த மாவட்டத்தில் இல்லை.

இருதயராஜ் குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏரிக்கரையில் லாரிக்குத் தண்ணீர் நிரம்பும்வரை கண்ணில் பட்டதைக் குரல் பதிவாகப் போடுவார்.

"டீச்சர், மேற்கு மதகுகிட்ட கருப்பா ஒண்ணு நின்னுச்சு. கொக்கு மாதிரி, ஆனா கொக்கு இல்ல. கழுத்தோரமா மஞ்சப் பட்டை."

படம் இல்லை. டீச்சர் இரண்டு கேள்வி கேட்டார், இருதயராஜ் பதில் சொன்னார், பச்சை டிக் விழுந்தது. கூடவே, "அருமையான கண் உங்களுக்கு" என்று டீச்சர் எழுதினார்.

கோதண்டபாணிக்கு வயிறு எரிந்தது. பறவை போனால்கூடப் போகட்டும். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வரி அவருக்கு வந்ததில்லை. ஒருவேளை வந்து மறந்துவிட்டோமோ என்று பழைய செய்திகளைத் தேடிக்கூடப் பார்த்தார். வரவில்லைதான்.

"படம் இருக்கா சார்?" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைப் போட்டார். பதினான்கு பேர் கூடச் சிரித்தார்கள். அவருக்கு இதமாக இருந்தது, உடனே பசித்தது.

மறுநாள் ஒரு காக்காயின் படத்தில் 'கருங்குருகு' என்று எழுதி ஸ்டிக்கர் செய்தார். அதன்பிறகு இருதயராஜ் மீன்கொத்தி என்றாலும் சரி, கிளி என்றாலும் சரி, கீழே அந்தக் காக்காய் வந்து உட்கார்ந்தது. யார் யாரோ போட்டார்கள். முதல் சிரிப்பு மட்டும் எப்போதும் கோதண்டபாணியுடையது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. பிறகு இருதயராஜிடமிருந்து கடைசியாக ஒரு குரல் பதிவு வந்தது.

"மன்னிச்சிடுங்க டீச்சர். இனிமே தண்ணி மட்டும் புடிச்சிட்டுப் போறேன்."

குழுவிலிருந்து விலகிவிட்டார். கீழே ஒரு பெண், "இது கிண்டல் இல்லை, கொடுமை" என்று எழுதினாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வார ஞாயிறு காலை ஆறு மணிக்கு டீச்சரும் கோதண்டபாணியும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நான் பண்ணது கொடுமையா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஒரு கெட்ட வார்த்தை எழுதல. அவர் தொழிலை இழுக்கல. படம் கேட்டேன், கொஞ்சம் கலாய்ச்சேன். படம் கேக்குறது தப்பா?"

"தப்பில்ல. போன மாசம் டாக்டரம்மா படமில்லாம ஒண்ணு போட்டாங்களே, கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அவங்க மேல எனக்குப் பொறாமை இல்லையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"எத்தனை தடவை சிரிச்சீங்க சார்?"

"எங்க?"

"குழுவுல. அவர் பதிவுக்குக் கீழ."

கோதண்டபாணி கரையிலேயே நின்று போனைத் தள்ளித் தள்ளி எண்ணினார். சர்வேயர் புத்தி, குத்துமதிப்பாகச் சொல்ல வராது.

"இருபத்தேழு. ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

"மத்தவங்க?"

"அது அவங்கவங்க இஷ்டம் டீச்சர். நான் சொல்லி யாரும் போடல."

மேற்கு மதகு வந்தது. இருவரும் கோரைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

முக்கால் மணி நேரம் கொசு கடித்தது. ஒரு தாழைக்கோழி வந்து போயிற்று. கோதண்டபாணிக்கு முட்டி வலித்தது. டிரைவர் சொன்ன இடம்தானே, இங்கே என்ன இருக்கப்போகிறது என்றுகூட நினைத்தார். இருக்கக்கூடாது என்றும் கொஞ்சம் நினைத்தார்.

கோரை விலகியது.

கருப்பாக ஒன்று வெளியே வந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு காலை மெதுவாக எடுத்து வைத்தது. கழுத்தோரம் மஞ்சள் பட்டை. பத்தடிகூட இருக்காது.

இருந்திருக்கிறது. அந்த ஆள் பார்த்திருக்கிறான். அந்த நேரத்திலும் பொறாமை ஒரு தரம் சுருக்கென்று குத்தியது. கேமராவை மெல்ல எடுத்தார்.

டீச்சர் வகுப்பில் பேசும் குரலில் பேசினார்.

"சார், இப்ப சிரிங்க."

மிரண்டால் செய்வதுபோல் குருகு கழுத்தை நேராக நீட்டி, அசையாமல் நின்றுவிட்டது.

"டீச்சர்!" கோதண்டபாணி கிசுகிசுத்தார்.

"குழுவுல சிரிச்ச மாதிரியே சிரிங்க. இருபத்தேழு."

"பறந்துடும் டீச்சர்."

"அப்ப இருபத்தேழு வேணாம். ஒண்ணு போதும்."

"பதினோரு வருஷம் டீச்சர். கையெடுத்துக் கும்பிடறேன்."

"கல்லா எறியச் சொன்னேன்? சும்மா ஒரு சிரிப்பு சார்."

கோதண்டபாணி இன்னும் குனிந்தார். கேமராவின் சத்தம்கூடக் கேட்டுவிடக் கூடாது என்று அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கண் குருகைவிட்டு நகரவில்லை.

"நாம சும்மா சிரிக்கிறோம்னு அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்? தனியா நிக்குது பாருங்க. மெதுவாப் பேசுங்க."

டீச்சரும் அவரைப்போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பறவைன்னா இவ்வளவு மெதுவாப் பேச வருதே சார் உங்களுக்கு."