குப்பி தேய்க்கிற பூவும் நந்தவனாதிபதியின் மீசையும்

முன்னொரு காலத்தில், மீசையை அளந்து உத்தியோகம் கொடுக்கிற ராஜ்யம் ஒன்று இருந்தது. அளப்பதற்கென்றே அரண்மனை வாசலில் ஓர் அளவுகோல்காரன் நிற்பான்.

அந்த நாட்டு ராஜா மகுடவர்மனுக்குக் கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு குட்டைச் செடி பரிசாக வந்தது. இடுப்புயரம்தான். கிளைக்குக் கிளை நுனியில், குப்பிக்குள் விட்டுத் தேய்க்கிற தூரிகை போல, சிவப்புச் சிவப்பாகப் பூத்திருந்தது. சபையில் அதற்கு ‘ஸ்ரீராஜசாமர புஷ்பம்’ என்று பெயர் சூட்டினார்கள். அடுக்களையில் ‘குப்பி தேய்க்கிற பூ’ என்றார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுக்களைதான் சரி.

வந்தபோது பூத்ததோடு சரி. பிறகு வெறும் இலை.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் பௌர்ணமிக்கு அந்தத் தேசத்துத் தூதர் வருகிறாராம். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நந்தவனாதிபதி சிங்கராயர், காதைச் சுற்றிக் கிடந்த மீசையைத் தடவியபடி, தோட்டக்காரி வேலாயியைக் கைகாட்டினார்.

“இவளுடைய கை ராசியற்ற கை, பிரபு. நாடு கடத்தி அருள வேண்டும்.”

“நுனியிலதான் சாமி மொட்டு வைக்கும்!” என்றாள் வேலாயி. “இவுக தெனம் காலையில தங்கக் கத்திரியால நுனிய நறுக்கிப்புடுறாக. பூ எங்கிட்டிருந்து வரும்?”

“தோட்டக்காரி எனக்குப் பாடம் சொல்வதா? தினந்தோறும் வெட்டினால்தான் எதுவும் செழித்து வளரும். இது என் பாட்டனார் காலத்துச் சாஸ்திரம். சத்தியம் செய்கிறேன்!”

அவை விகடன் மருதப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷம் மண்ணோடு கிடந்தவள் குற்றவாளி. விரலில் மண் பட்டால் மூன்று தரம் பன்னீரில் கழுவுகிறவர் நிபுணர்! இதற்கு ஒரு சபை, அதற்கு ஒரு சாமரம்!

“மகாராஜா, வேலாயிக்கு நான் பிணை. செடி பூக்கும்” என்றான்.

சிங்கராயர் விடுவாரா? “நல்லது. ஆனால் நித்திய வெட்டு ராஜாக்ஞை; அது நிற்கலாகாது. பௌர்ணமிக்குப் பூக்கவும் வேண்டும். தவறினால் இருவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா, யோசிக்காமல்.

“சம்மதம், மகாராஜா. ஒரு சின்ன விண்ணப்பம்” என்றான் மருதப்பன். “செடியோ ஊமை. வெட்டினால் வளர்கிறதா என்று கேட்டால் சொல்லாது. வாயுள்ள சாட்சி ஒன்று வேண்டும். செடியை நறுக்கும்போதெல்லாம் அதே அளவு நந்தவனாதிபதியின் மீசையிலும் நறுக்குவோம். செழித்து வளரும் என்று அவரே சத்தியம் செய்திருக்கிறார். யார் கண்டது, பிரதான மந்திரியாகவே ஆகிவிடலாம்!”

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. செய்த சத்தியத்தைச் சிங்கராயரால் விழுங்கவும் முடியவில்லை.

முதல் நாள் காதருகே இருந்தது போயிற்று. மூன்றாம் நாள் அளவுகோல்காரன் அவரை முன்வரிசையிலிருந்து எழுப்பினான். ஏழாம் நாள் தீப்பந்தம் பிடிக்கிறவர்களோடு நின்றார். எட்டாம் நாள் கத்திரி மூக்கடிக்கு வந்ததும் ராஜாவின் காலில் விழுந்தார்.

“பிரபு! தினமும் நறுக்கினால் எப்படி வளரும்? விட்டால்தானே வளரும்!”



“கேட்டீர்களா மகாராஜா?” என்றான் மருதப்பன். “செடி பேசிவிட்டது.”

ராஜா நித்திய வெட்டை நிறுத்தச் சொன்னார்; கத்திரி அன்றே வேலாயி கைக்குப் போயிற்று. அவள் அதை ஆணியில் மாட்டிவிட்டுச் செடியை வெயிலில் விட்டாள். “பூத்து வாடட்டும். அப்புறம் வாடின பூவுக்குக் கீழ மட்டும் வெட்டுவேன்” என்றாள்.

பௌர்ணமியன்று செடி முழுக்கச் சிவப்பு. தூதர் மகிழ்ந்துபோனார். திரும்புகிற வழியில், அரைகுறையாய்ச் சிலிர்த்து வளர்ந்திருந்த சிங்கராயரின் மீசை முன்னால் நின்றுவிட்டார்.

“இதுவும் எங்கள் தேசத்துச் செடியோ?”

கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார் ராஜா. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“நந்தவனாதிபதி பதவி, மகாராஜா. எனக்கல்ல, வேலாயிக்கு.”

“தந்தோம்!”

வேலாயி மண் கையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அளவுகோல்காரன் மட்டும் எங்கே வைத்து அளப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.