தனி ஆளுக்கு ரூம்

மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்கடா. ஒன் பை டூ டீயிலயே மூணாவது ஆளுக்கு ஒரு வாய் குடுக்கற கூட்டம் நீங்க, உங்களுக்கு ஞானக் கதை சொல்றதே பெரிய விஷயம். பாலிடெக்னிக்கைப் பாதியில விட்டவன் சொல்ற ஞானம் எப்படி இருக்கும்னு கேக்கற பாரு, நீ முழுசா முடிச்சு என்னத்தைக் கிழிச்ச? டீயைக் குடி. கேளு.

ஒரு குரு, ஒரு சிஷ்யன். ஆனா இதுல குரு சின்னவர், சிஷ்யன் பெரியவர். குருவுக்கு நாப்பது தாண்டி கொஞ்சம் இருக்கும். சிஷ்யன் பேரு மாசிலாமணி, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் குருவை சாமின்னு கூப்பிடுவார். குரு அவரை அண்ணேன்னு கூப்பிடுவார்.

செஞ்சிப் பக்கம் ஒரு பாறை அடியில சாமிக்கு ஒரு கொட்டாய். பொண்டாட்டி செத்த வருஷம் மாசிலாமணி அங்க போனார். ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு போனவர், அங்கயே இருந்துட்டார். அங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, "காலையில எழுந்துக்க ஒரு காரணம் இருந்துச்சுப்பா"ன்னு சொல்லுவார். அவ்வளவுதான்.

இப்ப சாமி கிளம்பறார். திரிகோணமலையில அவரோட குருவுக்கு உடம்பு முடியல, கூட இருந்து பாத்துக்கணும். திரும்பி வர்ற மாதிரி இல்ல. கொட்டாயையும் பிரிச்சாச்சு. சாமிக்கு ஏரோப்ளேன்னா பயம். அதனால ஒரு பக்தர், சென்னையிலேர்ந்து போற சொகுசுக் கப்பல்ல டிக்கெட் போட்டுக் குடுத்துட்டார்.

"ஞானிக்கு என்ன சாமி பயம்?"னு மாசிலாமணி கேட்டார்.

"ஞானம் மனசுக்குண்ணே. வயித்தைக் கலக்கறது வேற டிபார்ட்மெண்ட்."

கப்பல் காலையில. மொத நாளே வந்து துறைமுகத்துப் பக்கம் எங்கயாவது தங்கணும். அந்த ஒரு ராத்திரி சாமி நல்லாத் தூங்கணும், இதான் மாசிலாமணிக்கு இருந்த ஒரே கவலை. அதுக்கப்புறம் எங்க போறதுன்னு அவர் யோசிக்கல. யாராவது கேட்டா தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லிடுவார். தங்கச்சியோட பேச்சு நின்னு பல வருஷம் ஆச்சு. ரேடியோவை ஒருத்தருக்குக் குடுத்தார். குடையை ஒருத்தருக்குக் குடுத்தார். மிச்சம் ஒரு மஞ்சப் பை. கப்பல் கிளம்பற வரைக்கும்தான் அவர் யோசனை போச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இல்லாம இருந்தது நிம்மதியாக்கூட இருந்துச்சாம்.

ரெண்டு பேரும் பீச் ஸ்டேஷன்ல எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சாங்க.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல, சுத்தமா, வாடகை கம்மியா ஒரு லாட்ஜுக்குப் போப்பா"ன்னார் மாசிலாமணி.

"இது மூணும் ஒரே எடத்துல இருந்தா நானே அங்க குடும்பத்தோட குடி போயிருப்பேன் பெருசு. ஏறு, பாப்போம்"னான் ஆட்டோக்காரன்.

மொத லாட்ஜு துறைமுக கேட்டுக்கு எதிர்லயே. மாசிலாமணி மெத்தையைத் தூக்கி மூட்டப்பூச்சி பாத்தார். குழாயைத் தொறந்து பாத்தார். ஃபேனைப் போட்டுட்டு, டாக்டர் நெஞ்சுல காது வைக்கற மாதிரி நின்னு கேட்டார்.

"கடல் தெரியுமா?"

"மொட்டை மாடிக்குப் போனா கிரேன் தெரியும்"னார் மேனேஜர்.

வாடகை கட்டுப்படியாச்சு. மாசிலாமணி ஆதார் கார்டை எடுத்தார். அப்பத்தான் சாமி வாயைத் தொறந்தார்.

"ஏங்க, தனியா ஒரு ஆள் வந்தா ரூம் குடுப்பீங்களா?"

மேனேஜர் பேனாவைக் கீழ வச்சுட்டார். "தனி ஆளுக்குக் குடுக்கறதில்லைங்க. போன வருஷம் ஒருத்தர் வந்து தங்கி... விடுங்க, அதை எதுக்குச் சொல்லிக்கிட்டு. போலீஸு, விசாரணைன்னு நான்தான் அலைஞ்சேன். நீங்க ரெண்டு பேர்தானே, உங்களுக்கென்ன?"

"சரிங்க"ன்னுட்டு சாமி வெளிய வந்துட்டார்.

ரெண்டாவது மண்ணடியில. அங்க லிஃப்ட் இருந்துச்சு. ஓடல, ஆனா இருந்துச்சு. தலகாணி உறை துவைச்ச வாசனையோட இருந்துச்சு. மாசிலாமணிக்கு மனசு நெறைஞ்சுபோச்சு. சாமி அதே கேள்வியைக் கேட்டார். மேனேஜர் முதுகுக்குப் பின்னாடி சுவத்தைக் கட்டை விரலால காட்டினார். 'தனி நபருக்கு அறை இல்லை'ன்னு சாமி படத்துக்குப் பக்கத்துல எழுதி மாட்டியிருந்தாங்க. சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு சாமி வெளிய வந்துட்டார்.

மூணாவதுல வெந்நீர் வருமாம்.

"தனி ஆளா? ஆபீஸ் வேலையா வந்தேன்னு லெட்டர் காட்டினா குடுப்போம்"னார் அங்க இருந்தவர்.

"போக எடம் இல்லாம ஒருத்தர் வந்தா?"

"அதுக்கு எந்த ஆபீஸ்ல லெட்டர் குடுப்பாங்க?"

சாமி வெளிய வந்துட்டார்.

மாசிலாமணிக்குப் பொறுக்கல. வெயில் வேற எறங்க ஆரம்பிச்சிடுச்சு. "சாமி, நாம ரெண்டு பேரு. எந்த பஸ்ல ஏறினாலும் ரெண்டு டிக்கெட்டுதான் கிழிப்பான். யாரோ ஒரு தனி ஆளுக்காக நீங்க எதுக்குத் தெருத் தெருவா அலையறீங்க?"

"அவருக்கு நம்மள விட்டா யாருண்ணே இருக்கா?"

"யாருக்கு?"

"ஆட்டோவுல ஏறுங்க."

ஆட்டோக்காரன் திரும்பிப் பாத்தான். "இன்னும் ஒண்ணு இருக்கு சாமி. ஆனா நீங்க தங்க மாட்டீங்க."

"தங்குவோம். போப்பா."

அது ஏழுகிணறுப் பக்கம், ஒரு சந்துக்குள்ள. வெள்ளைக்காரன் கோட்டை கட்டிட்டு மிச்சம் இருந்த சுண்ணாம்புல கட்டின மாதிரி ஒரு கட்டடம். மரப்படியில காலை வச்சா அழும். கீழ மேசைக்குப் பின்னாடி ஒரு அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. சுபைதா அம்மா. லாட்ஜே அவங்களோடதுதான்.

மாசிலாமணி மேல போய்ப் பாத்துட்டு எறங்கி வந்தார். மொகத்துல ஈயாடல. "மெத்தை அப்பளம் மாதிரி இருக்கு சாமி. குழாய் நாலு தடவை இருமிட்டுத்தான் தண்ணி விடுது. ஜன்னலுக்கு வலை இல்ல. துறைமுகத்துக்கும் தூரம். வாடகை கம்மிதான், கம்மிக்கு ஏத்த மாதிரியே இருக்கு."

சாமி அந்த அம்மாகிட்ட போய் கேள்வியைக் கேட்டார். தனியா ஒரு ஆள் வந்தா?

சுபைதா அம்மா பூண்டுலேர்ந்து கண்ணை எடுக்கல. "தனியா வர்றவனுக்குத்தானே தம்பி ரூம் வேணும்? கூட ஒரு ஆள் இருந்தா பிளாட்பாரத்துல உக்காந்து பேசினாக்கூட விடிஞ்சுடும்."

"பயமா இருக்காதாம்மா?"

"இருக்கும். அதுக்குத்தான் ஒரு கண்டிஷன். தனி ஆளா இருந்தா ராத்திரி சோறு கீழ எங்ககூடத்தான். மேல அனுப்ப மாட்டேன். வரலைன்னா நானே ஏறி வந்து கதவைத் தட்டுவேன். எனக்கு முட்டி வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு திட்டிக்கிட்டேதான் ஏறுவேன். அந்தத் திட்டுக்குப் பயந்துக்கிட்டே எல்லாரும் ஒழுங்கா எறங்கி வந்துடறாங்க."

சாமி சிரிச்சார். அன்னிக்குப் பூரா அவர் சிரிச்சது அப்பத்தான்.

"எழுதிக்கங்கம்மா"ன்னார்.

சாமி நல்லாத் தூங்கணும்னுதானே மாசிலாமணி ஆசைப்பட்டார்? சாமி கொசு அடிச்சே விடிய வச்சார். மாசிலாமணிக்கு மனசே ஆறல.

காலையில அதே ஆட்டோ. துறைமுக வாசல்ல ஒரே கூட்டம். சக்கரம் வச்ச பெட்டி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கப்பல் பக்கம் முதுகைக் காட்டி போட்டோ. அதுக்கு நடுவுல ஒரு துணிப் பையோட சாமி.

"சாமி, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க"ன்னார் மாசிலாமணி. "கடைசி ராத்திரி, உங்களுக்கு ஒரு நல்ல எடமாப் பாத்துக் குடுக்கணும்னு நெனச்சேன். என்னால ஆனது அது ஒண்ணுதான். மூணு நல்ல எடத்தை வேணாம்னுட்டு கொசுக்கடியில போய்ப் படுத்தீங்களே, ஏன்?"

சாமி பைக்குள்ள கையை விட்டு ஒரு சாவியை எடுத்தார். லாட்ஜ் சாவி. தொலைஞ்சு போகாம இருக்க ஒரு மரக்கட்டையில கோத்து வச்ச சாவி.

"ஐயோ, சாவியைக் குடுக்க மறந்து எடுத்துட்டு வந்துட்டீங்களே சாமி. குடுங்க, நான் போய் ரூமைக் காலி பண்ணிட்டு..."

"மறக்கலண்ணே." சாவியை அவர் உள்ளங்கையில வச்சு விரலை மூடி விட்டார். "நான் இனிமே கப்பல்லதானே தூங்கப்போறேன். எனக்கு எதுக்கு லாட்ஜு?"

மாசிலாமணி அந்தக் கட்டையையே பாத்துக்கிட்டு நின்னார்.

"குடையைக் குடுத்தப்பவே கவனிச்சேன்"னார் சாமி. "மழைக்காலம் வருது. இப்பப் போய் யாரும் குடையைக் குடுக்க மாட்டாங்க."

"தங்கச்சி வீட்டுக்குன்னு..."

"போங்க. எப்ப வேணாப் போங்க." சாமி பையைத் தோள்ல மாட்டிக்கிட்டார். "இன்னிக்கு ராத்திரி கீழ எறங்கிப் போய்ச் சாப்பிட்டுடுங்கண்ணே. அந்தம்மாவுக்கு முட்டி வலி."

போய் வரிசையில நின்னுக்கிட்டார். திரும்பிப் பாக்கல.

மாசிலாமணிக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஆட்டோ. கப்பல் சங்கு ஊதற வரைக்கும் அங்கயே நின்னார். அப்புறம் வந்து ஆட்டோவுல ஏறி உக்காந்தார். எங்க போகணும்னு சொல்லல. கட்டையை உள்ளங்கையில உருட்டிக்கிட்டே இருந்தார். கடைசியில, கண்டக்டர் பழக்கம் எங்க போகும், "போலாம் ரைட்"ன்னார்.

என்னடா பாக்கறீங்க? ஆமா, ஆட்டோ என்னுதுதான். அவர் நெலம புரிஞ்சு, மனசு கேக்காமத்தான் அவ்வளவு நேரம் அங்க நின்னேன்னு சொல்லிக்க எனக்கும் ஆசைதான். இல்ல. திரும்பிப் போக ஒரு சவாரி கெடைக்கும்னு நின்னேன்.