பாட்டுக்காரர் நின்ற இடம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். எஸ்தருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கோயமுத்தூரில் மண்டபங்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் நாலு பேரை உட்கார வைத்து, பாட்டை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பார். வந்தவர்கள் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். ஈரோட்டில் நூல் கடை வைத்திருப்பவர். குருவைவிட இருபது வயது பெரியவர், ஆனாலும் டீச்சர் எதிரே காலைத் தொங்கப்போட்டு உட்காரக்கூடக் கூச்சப்படுவார்.

முதல் நாள் போனபோது டீச்சர் அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டார். இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. பாட்டோ இரண்டிலிருந்தும் வரவில்லை. ஒன்றுமே இல்லாத நடு இடத்தில் ஒருவர் நின்று பாடினார். அவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. சென்னியப்பன் எழுந்து போய் அந்த இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தன் வீட்டுப் படுக்கையறைக்கு அந்தப் பாட்டுக்காரரை வரவழைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

பெட்டிகள் வந்து இறங்கின. பின்னாலேயே ஒரு காய்ச்சலும் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தபோது இடது காது கேட்கவில்லை. நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். டாக்டரிடம் தனியாகத்தான் போயிருந்தார். வெளியே வந்ததும் விஷயத்தை அப்படியே விழுங்கிவிட்டார். மனைவி ருக்குமணியிடம்கூட மூச்சு விடவில்லை. ஐயோ பாவம் என்று யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. ருக்குமணி அப்படிப் பார்த்தால் தாங்கவே முடியாது.

அறையைச் சரி செய்துவிட்டால் பாட்டுக்காரர் நின்ற அந்த நடு திரும்பிவிடும் என்று நம்பினார். காதில் போனதைச் சுவரில் தேடுகிற மனுஷனுக்கு யார் என்ன சொல்ல முடியும்? முட்டை அட்டைகளை வாங்கி வந்து ஒட்டினார். வயரை மாற்றினார். வலது பெட்டியை மூலையில் தள்ளினார். இடது பெட்டியை நாற்காலிப் பக்கம் இழுத்துக்கொண்டே வந்தார். அது மடியில் ஏறி உட்காராததுதான் பாக்கி. பாட்டுக்காரர் மட்டும் வலது சுவரோடு ஒட்டிக்கொண்டு, நகர மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. கடைசியில் டீச்சரையே வீட்டுக்கு அழைத்தார். இவராலும் முடியாவிட்டால் பெட்டிகளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டு, பாட்டே வேண்டாம் என்று இருந்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

ஒரு ஞாயிறு காலை எஸ்தர் வந்தார். ருக்குமணி வாசலுக்கே போய் அழைத்து வந்தார்.

படுக்கையறை சின்னது. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரே ஒரு நாற்காலி. எஸ்தர் நடுவில் நின்று ஒரு தரம் கையைத் தட்டினார். அறை கிணுகிணுவென்று திருப்பித் தட்டியது.

"கேட்டுச்சுங்களாண்ணா?"

"கேட்டுச்சுங்க டீச்சர்."

"இவ்வளவு முட்டை அட்டை எதுக்குங்க?"

"சத்தத்தை இழுத்துக்கும்னாங்க."

"யாருங்க, முட்டைக்காரரா?"

ருக்குமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சென்னியப்பனும் சிரித்து வைத்தார்.

எஸ்தர் அட்டைகளைப் பிய்க்கச் சொன்னார். மூலையில் கிடந்த பெட்டியை வெளியே இழுத்தார். சுவர் மூலையில் வைத்தால் தாழ்ந்த சத்தமெல்லாம் கும்மென்று வீங்கிக்கொள்ளும் என்றார். சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியையும் முன்னால் தள்ளினார். பக்கத்துச் சுவர்களில் எதையாவது கனமாகத் தொங்கவிட வேண்டும் என்றதும், ருக்குமணி பரணில் இருந்த இரண்டு பவானி ஜமக்காளங்களை எடுத்து வந்தார். அளப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றபோது நூல் கண்டு வந்தது. நாற்காலியிலிருந்து ஒரு பெட்டிக்கு எத்தனை நூலோ, மற்றதற்கும் அத்தனை. சென்னியப்பன் அருமையாக மடியோரம் வைத்திருந்த இடது பெட்டி தன் தூரத்துக்குப் போய்விட்டது.

எஸ்தர் மறுபடியும் கையைத் தட்டினார். இந்தத் தரம் அறை பதில் பேசவில்லை.

"காப்பி கொண்டாறேனுங்க" என்று ருக்குமணி சமையலறைக்குப் போனார்.

எஸ்தர் பெட்டிகளை இயக்கும் கருவியைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளுக்கும் சத்தத்தைப் பங்கிடும் குமிழ் இடது பக்கம் முழுக்கத் திருகி நின்றது. அதை நேராக்கினார். இடது பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்தார்.

"உட்காருங்கண்ணா. கண்ணை மூடிக்குங்க."

சென்னியப்பன் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. அவர் காத்திருந்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது, முன்னைவிடத் தெளிவாகக்கூட இருந்தது. ஆனால் அது வலது பக்கம்தான் இருந்தது. நகரவே இல்லை.

"பாட்டுக்காரர் எங்கே நிக்கறாருங்கண்ணா?"

இவ்வளவு தூரம் வந்து, புழுதியில் குனிந்து நிமிர்ந்து செய்து கொடுத்தவரிடம் என்னவென்று சொல்வது? அதுவும் அடுத்த அறையில் ருக்குமணியை வைத்துக்கொண்டு?

"நடுவுலதாங்க டீச்சர்" என்றார். "அப்படியே நடுவுல நிக்கறாருங்க. பெரிய உபகாரம் பண்ணிட்டீங்க."

கையெடுத்துக் கும்பிட்டபடி கண்ணைத் திறந்தார்.

எஸ்தர் எதிரே நின்றுகொண்டிருந்தார். இடது பெட்டியின் வயர் அவர் கையில் இருந்தது. அந்தப் பெட்டி இத்தனை நேரமும் பாடவே இல்லை.

சென்னியப்பன் கும்பிட்ட கையை மெல்ல இறக்கினார்.

"எத்தனை நாளாங்கண்ணா?"

"போன வருசம் காய்ச்சல்ல போயிருச்சுங்க" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குத் தெரியாதுங்க டீச்சர். சொல்லிப்போடாதீங்க."

"தெரியுமுங்க" என்றது அறை வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

ருக்குமணி காப்பித் தட்டோடு நின்றிருந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, ஐயோ பாவமும் இல்லை. ஆவி பறக்கும் காப்பியைச் சிந்தாமல் கொண்டு போகும் கவனம்தான் இருந்தது. வாசலிலிருந்து நாற்காலிக்கு இடது பக்கமாக ரெண்டு எட்டு வைத்தால் போதும். அவர் கட்டிலைச் சுற்றி, பீரோவுக்கும் கட்டில் காலுக்கும் நடுவே ஒடுங்கி நுழைந்து, கணவனின் வலது பக்கம் வந்து நின்று டம்ளரை நீட்டினார்.

"எப்ப இருந்து புள்ள?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"காய்ச்சல் வுட்ட மறுநாள்ல இருந்துங்க. அக்கட்ட நின்னு கூப்பிட்டேன், திரும்பலை. இக்கட்ட வந்து கூப்பிட்டேன், திரும்புனீங்க."

"ஏன் என்ரகிட்டச் சொல்லலை?"

"நீங்க என்ரகிட்டச் சொல்லலீங்களே. சொல்லற அன்னிக்குச் சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

எஸ்தர் தன் காப்பியை எடுத்துக்கொண்டார். "ஏனுங்கக்கா, வழி அந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கு? இப்படிச் சுத்தி வந்தீங்களே?"

"பழகிப் போச்சுங்க" என்றார் ருக்குமணி.

சென்னியப்பன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து சுவரோரம் படுத்தவள், சுவர் சூடு ஒத்துக்கலை என்று கட்டிலில் அவருக்கு வலது பக்கம் மாறிக்கொண்டது எப்போது? சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தவள், டி.வி. தெரியவில்லை என்று நாற்காலியை வலது பக்கம் போட்டுக்கொண்டது? காலையில் நடக்கப் போகும்போது, வண்டி வருகிற பக்கமாகவே வந்து ஒட்டிக்கொண்டு நடக்கிறாளே என்று ஒரு நாள் ரோட்டிலேயே சத்தம் போட்டார். எனக்கு இப்படித்தானுங்க தோது என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள்.

அவர் ஒரு வருடமாக இரண்டு பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த வருடம் முழுக்க அவள் நகர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

"அப்போ எனக்கு அந்த நடு கிடைக்காதுங்களா டீச்சர்?"

"அது ரெண்டு காதும் சேர்ந்து செய்யற வேலைங்கண்ணா. ரூம் நல்லா இருக்கு. என்னால முடிஞ்சது ரூம்தான்."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். ஒரு வருடமாகத் தெரிந்த விஷயம்தான். இன்றைக்குத்தான் அதை ஒருவர் வாயால் கேட்டு ஒத்துக்கொண்டார்.

எஸ்தர் வயரை மாட்டிவிட்டு, "எழுந்திருங்கண்ணா" என்றார். "அக்கா, நீங்க உட்காருங்க."

"நானுங்களா?" ருக்குமணி பின்வாங்கினார். "அது அவர் நாற்காலிங்க. எனக்கு ராகமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."

"அண்ணாவுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

வீட்டில் அந்த நாற்காலி போட்ட நாளாக ருக்குமணி அதைத் துடைத்திருக்கிறாரே தவிர, உட்கார்ந்ததில்லை. உட்காரு என்று சென்னியப்பனும் சொன்னதில்லை. நாற்காலி நுனியில் தொற்றினாற்போல் உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ருக்குமணி நிமிர்ந்தார். இடது பெட்டியைப் பார்த்தார், வலது பெட்டியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே, பீரோவுக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க" என்று மூச்சடைக்கச் சொன்னார். "ஆளே இல்லாத எடத்துல நின்னு பாடறாருங்க!"

"எங்கே?" என்றார் சென்னியப்பன். "எந்த எடத்துல?"

"அங்கதானுங்க. பீரோவுக்கு ஒரு முழம் முன்னால."

சென்னியப்பன் போய் நின்றார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் இக்கட்ட. ஆங், அங்கயேதான். நீங்களே பாடற மாதிரி இருக்குதுங்க!" ருக்குமணிக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்துவிட்டது. முதல் நாள் டீச்சர் வீட்டில் சென்னியப்பனுக்கு வந்த அதே கண்ணீர்.

"பிடில் எங்க புள்ள?"

"உங்க தோளுக்கு அந்தண்ட. மிருதங்கம் இந்தண்ட, ஜன்னலுக்குப் பக்கத்துல. இருங்க, அங்க இருந்தா உங்களுக்குச் சரியாக் கேக்காது."

ருக்குமணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். வலது பக்கம் குனிந்து நின்றுகொண்டு, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காதோரம் சொல்லத் தொடங்கினார். பாட்டுக்காரர் இப்போது மூச்சு இழுத்தார் பாருங்க, இப்போது பிடில்காரர் எட்டிப் பார்க்கிறார் பாருங்க என்று, ராகம் தெரியாத ருக்குமணி ஒன்றுவிடாமல் சொன்னார். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். குரல் வலது பக்கம்தான் இருந்தது. இரண்டு குரல்களும் வலது பக்கம்தான் இருந்தன. அவருக்கு மனம் நிறைந்து வழிந்தது.

பாட்டு முடிந்தது. எஸ்தர் நூல் கண்டைச் சுற்றிக் கட்டில் மேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினார்.

சென்னியப்பன் அவசரமாக எழுந்து வீட்டு வாசல் வரை கூடவே போனார்; ருக்குமணியும் வந்து அவருக்கு வலது பக்கமாக நின்றார். முதலில் கும்பிட்ட கும்பிடு பொய் என்று அவருக்கே தெரியும். இந்தத் தரம் கை தானாகக் குவிந்தது.

"டீச்சர், நன்றி எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க."

எஸ்தர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"வலது பக்கம் திரும்பிச் சொல்லுங்கண்ணா."